வடம் அறுந்தால் சில விநாடிகளே

புது தில்லி: 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம் கிளைடரையும், ஏன், பட்டத்தையும்கூட விமானம் என்றே வரையறுத்தது. என்ஜின் இல்லாத அந்த விமானத்துக்கு ஆபத்து பெரும்பாலும் வானில் அல்ல, தரையருகே காத்திருக்கிறது.

புணேயின் ஹடப்சர் கிளைடர் மையத்தில் பல தலைமுறை மாணவர்கள் கண்ட காட்சி இது: தரையிலுள்ள வின்ச் இயந்திரம் நீண்ட வடத்தைச் சுருட்ட, கிளைடர் மூக்கை உயர்த்திச் செங்குத்தாக ஏறுகிறது. அந்நிலையில் வடம் அறுந்தால் வேகம் சட்டென்று சரியும். விமானி உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டும். வேகம் மீண்ட பிறகே திரும்ப வேண்டும். தயங்கினால் இறக்கைகள் தாங்குதிறனை இழந்துவிடும். தரையில் ஓடும்போதே இறக்கை நுனி புல்லில் உரசினாலோ, கிளைடர் குப்புறப் புரளக்கூடும். நுனி சாயத் தொடங்கியதுமே வடத்தை விடுவிப்பதுதான் பாதுகாப்பு. 'சமாளித்துவிடலாம்' என்ற நினைப்பே இங்கு எமன்.

இவை தவிர்க்க முடியாதவை அல்ல. பிரிட்டனின் கிளைடர் சங்கம் 2005-இல் வின்ச் ஏற்றத்துக்கென்றே பாதுகாப்பு இயக்கம் தொடங்கியபின் உயிரிழப்புகள் வெகுவாகக் குறைந்தன.

தரையிறக்கத்திலோ மறுவாய்ப்பே இல்லை. உயரத்தைத் தவறாகக் கணித்தவர், ஓடுபாதையை எட்டிவிடும் ஆசையில் மூக்கை உயர்த்துகிறார், வேகம் குறைகிறது, தாழ்வான கடைசித் திருப்பத்தில் கிளைடர் சுழன்று விழுகிறது. ஓடுபாதையை விட்டு, எதிரே தெரியும் வயலில் நேராக இறங்கியிருந்தால் சக்கரம் மட்டுமே சேதமாகியிருக்கலாம்.