பெருந்திட்டங்களும் சுற்றுச்சூழல் மதிப்பீடும்

உரம் இடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதித்துப் பார்ப்பது நல்ல உழவரின் வழக்கம். அதுபோலச் சுரங்கம், ஆலை முதலிய பெருந்திட்டங்களைத் தொடங்குமுன், அவற்றால் நீர், காற்று, நிலம், மக்கள் வாழ்க்கை ஆகியவற்றுக்கு நேரக்கூடிய விளைவுகளை ஆராய்ந்து அறிவதே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஆகும். நம் நாட்டில், 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1994-ல் வெளியான அறிவிக்கை இதனைக் கட்டாயமாக்கிற்று. அதற்குப் பதிலாக 14-9-2006-ல் வெளியான அறிவிக்கையே, பிற்காலத் திருத்தங்களுடன், இன்று நடைமுறையில் உள்ளது.

இவ்வறிக்கையை எவரும் எழுதிவிட இயலாது. இந்தியத் தரக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களே இதனைத் தயாரிக்க வேண்டும். நிலத்தடி நீர், காற்று, மண், உயிரினங்கள், மக்களின் பொருளாதாரம் எனத் துறைதோறும் படிப்பும் அனுபவமும் உடைய நிபுணர் தேவை. ஹைதராபாத்தில் 1992-ல் நிறுவப்பெற்ற சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் போன்ற நிலையங்கள் இத்துறையில் பயிற்சி அளிக்கின்றன. ஆயினும், நிபுணருக்குரிய ஊதியத்தைத் திட்டத்தை நடத்த விரும்புபவரே தருகிறார் என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே, அறிக்கையைச் சரிபார்க்கும் பொறுப்பு ஊராருக்கும் உண்டு.

எந்தப் பயிற்சியும் தராத ஓர் அறிவு ஊராரிடம் இருக்கிறது. பச்சைமலை அடிவாரத்திலுள்ள பூலாம்பாடிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் அளவீடுகளைக் கொண்டே பெரும்பாலான அறிக்கைகள் எழுதப்படுகின்றன. பங்குனி, சித்திரையில் வரும் நிபுணர் கண்ணுக்கு ஓடை வெறும் மணல் பள்ளமாகவே தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் அதில் வெள்ளம் எவ்வளவு வரும், எந்த ஏரிக்குப் போகும் என்பதை உழவரே அறிவார். வரத்து வாய்க்கால் அடைபட்டால் ஏரி நிரம்பாது; ஏரி நிரம்பாவிடில் கிணறு ஊறாது; கிணறு ஊறாவிடில் சின்ன வெங்காயப் பயிர் ஏது? குழியின் ஆழம் நீர்மட்டத்திற்குக் கீழே சென்று, அங்கு ஊறும் நீர் இறைக்கப்பட்டாலும், அண்டைக் கிணறுகள் வற்றக்கூடும்.

பஞ்சாயத்து உறுப்பினர் செய்ய வேண்டியவை யாவை? சிறு திட்டங்கள் சிலவற்றுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் இல்லை. கூட்டம் உண்டெனில், மாசு கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாட்களுக்கு முன் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முதலிய இடங்களில் பார்வைக்கு வைக்கப்பெறும். அந்த 30 நாட்களுக்குள் சுருக்கத்தைக் கிராம மக்களுக்குப் படித்துக் காட்டுக. கிராம வரைபடத்தை அருகில் வைத்து, ஓடை, வாய்க்கால், ஏரி, மேய்ச்சல் நிலம் ஆகியவை விடுபட்டுள்ளனவா எனப் பார்க்க. கிணறுகளின் நீர்மட்டத்தைத் தேதியுடன் குறித்து வைக்க. பின்னர், ஆட்சேபனையைச் சர்வே எண்ணுடன் எழுத்து மூலம் கொடுக்க. கூட்டத்தில் வாக்கெடுப்பு இல்லை. ஆதலால் கூச்சலால் பயன் விளையாது. கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பு தமிழில் படித்துக் காட்டப்பெறும். நாம் கூறியவை அதில் இடம்பெற்றுள்ளனவா எனக் கவனித்தல் இன்றியமையாதது.

ஆலையும் வேண்டும், வேலையும் வேண்டும். ஆனால் வற்றிய கிணற்றை மீண்டும் ஊறச் செய்தல் எளிதன்று. வருமுன் அளந்து, வருமுன் கேட்பதே ஊருக்கு நலம்.