கவுதாரிக்கு ஒரு சால்

கண்ணி வைத்தும் வலை விரித்தும் பார்வைப் பறவையைக் கூவவிட்டும் கவுதாரி பிடித்த அந்நாளைய வித்தைகளைச் சென்ற வாரம் விஸ்தாரமாகச் சொல்லி நிறுத்தினேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் அவ்வித்தைகளைக் குற்றங்களாக்கிவிட்டபடியால், அவற்றை ஞாபகார்த்தமாகவே எழுதினேன் என்பதை வாசகர்கள் அறிவார்கள். இந்த வாரம் தங்கவைக்கும் வித்தை. பிடிக்கும் வித்தையைவிட இது கடினமானது.

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில், தலைக்கு மேலே மெட்ரோ ரயிலும் கீழே லாரிகளும் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும் இன்றைய பொம்மனஹள்ளியில் நின்றுகொண்டு, இது ஒரு காலத்தில் ராகி விளைந்த செம்மண் மேடு என்று யாராவது சொன்னால் கேட்பவர் சிரிக்கக்கூடும். கிராமமாயிருந்து, நகரசபையாகி, 2007இல் மாநகராட்சியோடு கலந்துபோன ஊர் இது. ஆயினும் தெற்கே பேகூரைத் தாண்டி ஆனேக்கல் பக்கம் போனால், மனைக்கட்டுகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்ட சில துண்டு நிலங்களில், பழைய மைசூர்ச் சீமையின் மானாவாரிச் சம்பிரதாயம் இன்னமும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம்.

அந்தச் சம்பிரதாயத்திற்கு அக்கடி சாலு என்று பெயர். எட்டுப் பத்துச் சால் ராகிக்கு நடுவே ஒரு சால் அவரை அல்லது துவரை. அதனோடு இரண்டொரு சோளமும், கடுகும், கன்னடத்தில் உச்செள்ளு என்றும் தமிழில் பேயெள்ளு என்றும் வழங்குகிற மஞ்சள் பூச்செடியும். ஓரத்தில் காவலுக்கு நிற்பதுபோல் ஆமணக்கு. ஏர் ராகியை விதைத்துக்கொண்டு முன்னே போக, பின்னால் ஒரு பெண் மூங்கில் குழாய் வழியே இந்தக் கலப்பு விதையைக் கைக்கணக்கில் விட்டுக்கொண்டே போவாள். ஒரு பயிர் பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்பதுதான் விவசாயியின் உத்தேசம். பறவைக்கு இதில் என்ன சம்பந்தம் என்பது அறுவடைக்கு அப்புறமே தெரிகிறது.

கார்த்திகை முடியும் தறுவாயில், பேகூர்ப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவரின் வயலுக்குப் போயிருந்தேன். ராகியை அறுத்துப் போட்டாகிவிட்டது. தாள்கள் குத்திட்டு நின்றன. ஆனால் அவரைச் சால்கள் மட்டும் பச்சைச் சுவர்களைப்போல வயலின் குறுக்கே நீண்டு கிடந்தன. பனி அப்போதும் உலரவில்லை. அந்தப் பனியில்தான் அவரைக்காயின் தோலில், கன்னடத்தார் சொகடு என்று கொண்டாடும் அந்த வாசனை ஏறுகிறது. நான் ஓர் அடி எடுத்து வைத்ததும் சாலின் அடியிலிருந்து ஐந்து கவுதாரிகள் பறக்காமல், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, சந்தைக்குத் தாமதமாகிவிட்ட கிழவிகளைப்போல ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, அடுத்த சாலுக்குள் நுழைந்து மறைந்தன.

“கவுடரே, இவற்றுக்காகவா இதை அறுக்காமல் விட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“எங்கே சாமி! காய் இன்னும் முற்றவில்லை. முற்றுகிறவரையில் கௌஜலக்கி இருந்துவிட்டுப் போகட்டும், வாடகையா கேட்கப்போகிறேன்?” என்றார், கவுதாரியைக் கன்னடப் பெயரால் குறித்து.

பெங்களூரில் வாடகை கேட்காத வீட்டுக்காரரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவர் விளையாட்டாகச் சொன்னதில் விஷயத்தின் மர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தனி ராகி வயலை அறுத்தால், காலையில் இருந்த மறைவு மாலையில் இல்லை. பருந்துக்கும் நாய்க்கும் நடுவே பறவை வெட்டவெளியில் நிற்கும். அக்கடி வயலிலோ ஒவ்வொரு பயிரும் தன் தன் காலத்தில் முதிர்வதால் மறைவு சிறுகச் சிறுகவே விலகுகிறது: ராகி மார்கழிக்குள் போனால் அவரை தைவரை நிற்கும், துவரை அதற்கும் பின்னால். பகல் குறுகினாலன்றிப் பூக்காத நாட்டு அவரையின் பிடிவாதம் இங்கே அனுகூலமாகிறது. எந்தப் பருவத்திலும் காய்க்கும்படி பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகம் உண்டாக்கிய ஹெப்பாள் அவரை-3 போன்ற ரகங்கள் சமையலறைக்கு மிகவும் உபகாரமானவை என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பறவைக்கு வேண்டியது பழைய பிடிவாதக்காரிதான்.

இந்த மறைவுக்காகவே இங்கிலாந்தின் எஸ்டேட்டுகளில், சுடுவதற்காக வளர்க்கும் பறவைகளுக்கென்று மக்காச்சோளமும் கோசு வகைக் கீரையும் பனிவரகும் பட்டை பட்டையாக விதைக்கிறார்கள். ஆனால் மறைவு மட்டும் போதாது. அங்கே 1968 முதல் சஸ்ஸெக்ஸ் வயல்களில் டிக் பாட்ஸ் என்ற விஞ்ஞானி நடத்திய ஆராய்ச்சி, அந்நாட்டுச் சாம்பல் கவுதாரி ஏன் அருகிப்போயிற்று என்பதற்கு ஒரு விடை கண்டது. களைக்கொல்லி களையை அழித்தது. களையை நம்பியிருந்த பூச்சிகள் போயின. பிறந்த முதல் சில வாரங்களுக்குப் பூச்சியையே உண்டு வளர வேண்டிய குஞ்சுகள், தானியம் குவிந்து கிடந்த வயலில் பட்டினியால் மடிந்தன. அதன் பிறகே வயலின் ஓரத்தில் சில கஜ அகலத்துக்கு மருந்து தெளிக்காமல் விடும் வழக்கம் அங்கே பிறந்தது. நம் கவுதாரிக்கும் அதே விதிதான்: பெரியது விதை பொறுக்கும், குஞ்சு கறையானும் எறும்பும் தேடும். சித்திரையிலிருந்து புரட்டாசி வரையில் அது முட்டையிடும் காலமாகையால், ஆடியில் களைக்கொல்லி தெளிக்கிறவர் தம்மையறியாமல் குஞ்சின் வாயிலேயே கை வைக்கிறார்.



இனி காரியத்துக்கு வருவோம். ஆனேக்கலிலோ ஓசூரிலோ ஓர் ஏக்கராவது கைவசம் வைத்திருந்து, அதை மனையாக்க இன்னும் மனம் துணியாதவர்களுக்கு இதைச் சொல்கிறேன். முதல் மழைக்குப் பின் இரண்டு உழவு உழுது, ஆனி பிற்பகுதியில் ராகியை ஓர் அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் சாலுக்குச் சால் ஓர் அடி விட்டு விதையுங்கள். எட்டுச் சாலுக்கு ஒரு சால் நாட்டு அவரை போதும், துவரை என்றால் இரண்டு சால். உச்செள்ளை வரப்போரமாக வைத்தால் தேனீயும் வரும், உதிர்ந்த விதையைக் காடையும் பொறுக்கும். அறுவடையான மூலையில் கொள்ளு தெளித்துவிடலாம். வரப்பில் இருக்கும் கருவேலமரத்தை வெட்டாதீர்கள். இரவில் கவுதாரி ஏறி உறங்குவது அதன் முட்கிளையில்தான். வரப்புப் புல்லுக்கு நெருப்பு வைக்கும் வழக்கத்தை மட்டும் அடியோடு நிறுத்துங்கள், கூடு இருப்பது அங்கேதான்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. மறைவு வேண்டுமே என்ற ஆவலில் விதையை நெருக்கிக் கொட்டிவிட வேண்டாம். கவுதாரி பறப்பதைவிட ஓடுவதையே நம்பியிருக்கும் ஜீவன். தலைக்கு மேல் இலையும், காலுக்குக் கீழே வெறும் மண்ணும் அதற்கு வேண்டும்.