மீண்டும் பர்தா அணிய நினைப்பவருக்கு

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதன் பிறகு வந்த வாரங்களில் இலங்கை முஸ்லிம் பெண்கள் பலர் தலையில் இருந்ததைக் கழற்றினார்கள். சிலர் வைத்தியசாலை வாசலில் நின்று கழற்றினார்கள். சிலர் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் சுருட்டிப் பைக்குள் வைத்தார்கள். இன்னும் சிலரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே விட்டுவிட்டார்கள். மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்த 2019 மே மாதத்தில், அந்தப் பயத்தைக் குறைசொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

அவர்களில் ஒரு பகுதியினர் இன்று திரும்பவும் அணிய விரும்புகிறார்கள். மனத்தில் நிய்யத் இருக்கிறது, அலுமாரியில் துணியும் இருக்கிறது. கால்தான் வாசலைத் தாண்ட மறுக்கிறது. “வேலையிடத்தில் என்ன சொல்வார்கள்? பொலிஸ் பிடிக்குமா? அன்றைக்குக் கழற்றிவிட்டு இன்றைக்கு என்ன திடீர் மார்க்கம் என்று நம்மாட்களே சிரிப்பார்களே?” இந்த மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கும் சட்டத்தில் பதில் உண்டு. அந்தப் பதில் நம் பெண்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்பதே என் கவலை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: இலங்கையில் தலையை மறைக்கும் பர்தாவோ ஹபாயாவோ ஒரு நாள்கூடத் தடை செய்யப்பட்டதில்லை. 2019 ஏப்ரல் 29இல் அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் தடை செய்யப்பட்டது முகத்தை மூடுவது மட்டுமே. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் அந்த நாட்களில் முகத்தை மூட வேண்டாம் என்றுதான் பெண்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் அந்த ஒழுங்குவிதி ‘முழு முகம்’ என்பதற்குள் காதுகளையும் சேர்த்திருந்தது. வாசலில் நின்ற காவலாளிக்கு அது போதுமாக இருந்தது. நிகாபுக்கும் பர்தாவுக்கும் ஹபாயாவுக்கும் வித்தியாசம் தெரியாத இடங்களில் எல்லாமே ‘தடை’ ஆனது. பல பெண்கள் கழற்றியது சட்டத்துக்குப் பணிந்து அல்ல. சட்டத்தில் இல்லாத ஒரு வாய்மொழி உத்தரவுக்குப் பணிந்து.

அந்த அவசரகால நிலை 2019 ஆகஸ்டில் காலாவதியானது; முகம் மூடும் தடையும் அதனோடு போனது. 2021 மார்ச்சில் அன்றைய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் புர்காவைத் தடை செய்யும் அமைச்சரவைப் பத்திரத்தில் கையெழுத்திட்டதாக அறிவித்தார். அடுத்த மாதம் அமைச்சரவை ஒப்புதலும் கிடைத்தது. செய்தி உலகம் முழுக்கப் போனது, ஆனால் அது பாராளுமன்றத்தில் சட்டமாகவில்லை. அந்தத் தலைப்புச் செய்திகளை வைத்துக்கொண்டு இன்றும் ‘பர்தாவுக்குத் தடை இருக்கிறது’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் சொன்னால், எந்தச் சட்டம், எந்த வர்த்தமானி என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அரச ஊழியர்களுக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. 2019 மே 29இல் வெளியான 13/2019 இலக்கச் சுற்றறிக்கை, பெண் ஊழியர்கள் சேலை அல்லது ஒசரியில்தான் கடமைக்கு வர வேண்டும் என்றது. ஹபாயா அணிந்து வந்த பிரதேச செயலக ஊழியர்களும் ஆசிரியைகளும் திணறினார்கள். எதிர்ப்பு எழுந்த பின் அது திருத்தப்பட்டது: முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், அந்த நிபந்தனையோடு சமய, கலாசார உடையை அணியலாம். முதல் சுற்றறிக்கை எல்லோர் நினைவிலும் தங்கியது, திருத்தம் பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. அலுவலகத்தில் அன்று கழற்றியவர் திரும்ப அணிவதற்கு முன், நிர்வாகப் பிரிவில் திருத்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

அரசியலமைப்பு என்ன சொல்கிறது? 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது. அதற்கு எந்த வரையறையும் இல்லை. மதத்தை நடைமுறையில் வெளிப்படுத்துவது, உடை உட்பட, 14(1)(உ) உறுப்புரையில் வருகிறது. தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, சுகாதாரம் போன்ற காரணங்களுக்காக இதை மட்டுப்படுத்தலாம் என்று 15(7) சொல்கிறது. ஆனால் அது சட்டத்தின் மூலம்தான் முடியும். பாடசாலை அதிபரின் விருப்பமோ, பிரிவுத் தலைவரின் முகச்சுளிப்போ, பாதுகாப்பு ஊழியரின் கட்டளையோ சட்டம் ஆகாது. 12ஆம் உறுப்புரை மதத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. அதன் மூன்றாம் பந்தி கடைகள், உணவகங்கள், ஹோட்டல்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

இனி மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அரச அலுவலகமோ அரச பாடசாலையோ அரச வைத்தியசாலையோ உங்களை பர்தாவைக் காரணம் காட்டித் தடுத்தால், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்யலாம். 126ஆம் உறுப்புரை அதற்குத் தரும் காலம் ஒரு மாதம். ஒரே ஒரு மாதம். நம் பெண்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். சம்பவம் நடந்த வாரம் அழுகையில் போகிறது. அடுத்த வாரம் ‘பிரச்சினை வேண்டாம் மகள்’ என்று வீட்டில் சமாதானம் சொல்வதில் போகிறது. பிறகு பள்ளிவாசல் நிர்வாகம் பேசிப் பார்க்கிறது, அரசியல்வாதி ஒருவர் தொலைபேசியில் உறுதி தருகிறார். அதற்குள் தேதி கடந்துவிடுகிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், ஆணைக்குழுவின் விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கவனம்: முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆகவே பதிவு இலக்கத்தைப் பெறுங்கள், ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. கல்முனை, மட்டக்களப்பு, திருகோணமலை, கண்டி, அனுராதபுரம் உள்ளிட்ட இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. அவசர அழைப்பு இலக்கம் 1996. சட்டம் வந்த ஆண்டும் அதுவே, மறக்காது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இது ஏட்டளவில் நிற்கும் உரிமை அல்ல. 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் ஹபாயா அணிந்து வந்த ஆசிரியைகளுக்கு எதிர்ப்பு எழுந்து, அவர்கள் வேறு பாடசாலைகளுக்கு இணைக்கப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்து ஆசிரியைகளின் பக்கம் பரிந்துரை செய்தது. ஓர் ஆசிரியை மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார். 2022 பெப்ரவரியில் கடமைக்குத் திரும்பிய நாளிலும் அமைதி இருக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசிக்கொண்டு அடுத்தடுத்த வீதியில் வாழும் ஊர் அது. அந்தக் காயத்தை நீதிமன்றத்தால் மட்டும் ஆற்ற முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவர் நான்கு வருடம் விடாமல் நின்றதால்தான் இன்று இன்னொரு ஆசிரியை தன் வழக்கைச் சொல்லும்போது காட்டுவதற்கு ஓர் ஆவணம் இருக்கிறது.

ஹசலக்கயில் நடந்ததும் நினைவில் இருக்கலாம். 2019 மே மாதம் ஒரு பெண் அணிந்திருந்த உடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்று சொல்லிப் பொலிஸார் கைது செய்தார்கள், அவர் விளக்கமறியலில் இருந்தார். அவர் அடிப்படை உரிமை மனுப் போட்டார். சில வருடங்களுக்குப் பிறகு உயர் நீதிமன்றம் அவருடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. தாமதமான நீதிதான். ஆனால் ஓர் ஏழைப் பெண்ணின் சட்டையைப் பற்றி நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் உட்கார்ந்து பேசியது.

தனியார் வேலையிடத்தில் நிலைமை இவ்வளவு உறுதியானதல்ல, அதை மறைப்பதில் பயனில்லை. அடிப்படை உரிமை மனு அரசின் செயலுக்கு எதிராகத்தான். தனியார் நிறுவனத்தில் உங்கள் கையில் இருப்பது நியமனக் கடிதமும் அங்கே எழுதப்பட்ட உடை விதியும்தான். அந்த விதியில் தலைமறைப்புப் பற்றி எதுவும் இல்லையென்றால், அணிந்து போவதற்குச் சில நாட்கள் முன்பே மேலாளருக்கு நான்கு வரியில் எழுதிவிடுங்கள்: இந்தத் தேதியிலிருந்து பர்தா அணிந்து வருவேன், முகம் முழுமையாகத் தெரியும், சீருடையின் நிறத்துக்குப் பொருந்தும் துணியையே அணிவேன். அனுமதி கேட்கும் தொனி வேண்டாம், அறிவிக்கும் தொனி போதும். மறுப்பதானால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் தர வேண்டும் என்றதும் பல மறுப்புகள் அமைதியாகிவிடும். வேலையை விட்டே நீக்கினால் தொழில் நியாய சபை இருக்கிறது. அதற்கும் கால எல்லை உண்டு, தள்ளிப்போட வேண்டாம்.

பரீட்சை எழுதும் மாணவிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் நடந்த உயர்தரப் பரீட்சையில் காதை மறைத்திருந்தார்கள் என்பதற்காக, திருகோணமலை ஸாஹிரா கல்லூரி மாணவிகள் 70 பேரின் பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்பட்டன. காதுக்குள் கருவி வைத்து மோசடி செய்யலாம் என்பது அதிகாரிகளின் சந்தேகம். சந்தேகத்தைத் தீர்க்கும் வழி ஒரு நிமிடம் எடுக்கும்: பெண் மேற்பார்வையாளர் ஒருவர் தனியாகக் காதைப் பார்த்துவிட்டு மண்டபத்துக்குள் அனுப்பலாம். மாணவிகள் நேரத்தோடு போய் இதைத் தாங்களே கேட்க வேண்டும். பாடசாலை அதிபர் பரீட்சைக்கு முன்பே பரீட்சை நிலையப் பொறுப்பாளரோடு பேசி வைக்க வேண்டும். பாட விடையை எழுதுவதா, தலைத்துணியைப் பற்றி வாதிடுவதா என்ற நிலையில் பதினெட்டு வயதுப் பிள்ளையை நிறுத்துவது பெரியவர்களின் தவறு.

வீதியில் யாராவது பர்தாவைப் பிடித்து இழுத்தால் அது கேலி அல்ல, தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து இலக்கத்தை வாங்குங்கள். எல்லா நிலையங்களிலும் தமிழ் தெரிந்தவர் இருப்பதில்லை. தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காமல், தமிழிலேயே வாக்குமூலம் எழுத வேண்டும் என்று கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. சம்பவம் நடந்த அன்றே நேரம், இடம், பஸ் இலக்கம், சொன்ன சொற்கள், பக்கத்தில் இருந்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது பின்னர் பெரிய துணையாகும்.

உடம்புக்கான எச்சரிக்கைகளும் சில உண்டு. வருடக்கணக்கில் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்குபவர்கள் அவசரத்தில் ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு துணியை மடிப்பார்கள். பேசும்போதோ சிரிக்கும்போதோ அந்த ஊசி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முஸ்லிம் நாடுகளின் வைத்தியசாலைகளில் இது நன்கு அறியப்பட்ட விபத்து. போனதும் வரும் இருமல் சற்று நேரத்தில் அடங்கிவிடலாம். அடங்கிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. சோற்றுருண்டை விழுங்குவதால் பயனில்லை, ஊசி இருப்பது உணவுக்குழாயில் அல்ல. உடனே வைத்தியசாலைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஊசியே தேவைப்படாத, தலையில் போட்டுக்கொள்ளும் தைத்த பர்தா தொடங்குபவர்களுக்கு எளிது. மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் நீண்ட நுனிகள் சக்கரத்தில் சிக்காமல் உள்ளே செருகிக்கொள்ளுங்கள். தலைக்கவசம் பர்தா அணிந்தவருக்கும் கட்டாயம்தான், அதற்கேற்ற மெல்லிய துணியை உள்ளே அணியலாம். ஈரத் தலைமுடியை இறுக்கிக் கட்டி மூடாதீர்கள்.

மூன்றாவது கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. ‘அன்றைக்குக் கழற்றினவள்தானே’ என்ற சொல் வெளியாரிடமிருந்து வருவதைவிட, கல்யாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்துதான் அதிகம் வரும். தொழுகையை விட்டவர் திரும்பத் தொழ வந்தால் ஸஃப்பில் இடம் விடும் சமூகம் நாம். பர்தா விஷயத்தில் மட்டும் பெண்ணை வாசலில் நிறுத்தி விசாரிக்கிறோம். திரும்புவதற்கு மார்க்கம் எந்தக் கெடுவும் வைக்கவில்லை. கழற்றிய நாளுக்கு விளக்கம் கொடுக்கும் கடமையும் அவளுக்கு இல்லை. தயக்கம் அதிகமுள்ளவர்கள் முதலில் சந்தைக்கும் குர்ஆன் மத்ரஸாவுக்கும் அணிந்து போய்ப் பழகலாம்; வேலையிடம் பிறகு வரட்டும். பர்தாவோடு தினமும் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணோடு ஒரு வாரம் சேர்ந்து போவது இன்னும் நல்லது. நம் உம்மாக்களின் உம்மாக்கள் சேலைத் தலைப்பையே முக்காடாகப் போட்டார்கள். கறுப்பு ஹபாயாதான் வேண்டும் என்று உங்களை யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் ‘போடாதே’ என்று மனைவியை மிரட்டும் கணவர்கள் உண்டு. ‘போடு’ என்று மகளை அடிக்கும் தகப்பன்மாரும் உண்டு. அடியும் மிரட்டலும் தொடரும் கடுமையான அவமதிப்பும் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குள் வருகின்றன, காரணம் எந்தப் பக்கம் இருந்தாலும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவசரமானால் இடைக்காலக் கட்டளை உடனே கிடைக்கலாம், 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் தேதி குறிக்க வேண்டும். நீதிமன்றம் வரை போகத் தயங்குபவர்கள் முதலில் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அழைத்துப் பேசலாம்.