நாயோடு சேர்ந்து ஓடுவோம்: அஜிலிட்டி போட்டி – ஓர் அறிமுகம்

தமிழில் நாய்க்குப் பெயர்கள் பல. சங்க நூல்கள் ஞமலி என்றும் ஞாளி என்றும் அதைக் குறிப்பிடுகின்றன. யானை போன்றவரின் நட்பைக் காட்டிலும் நாய் போன்றவரின் நட்பே மேல் என்று நாலடியார் வாதிடுகிறது. இத்தனை பெருமை இருந்தும், நம் ஊர்களில் பெரும்பாலான நாய்களுக்கு நாம் கொடுத்த உத்தியோகம் வாசலில் படுத்துக் குரைப்பதுதான்.

பெங்களூருக்குக் குடிவந்த நமக்கு அந்த வாசலும் இல்லை. காக்ஸ் டவுனை ஒட்டிய எங்கள் ஜீவனஹள்ளியில் மாடிமேல் மாடியாக வீடுகள். கதவைத் திறந்தால் படிக்கட்டு. இங்கே நாய் வளர்ப்பவர்கள் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று முடித்துக்கொள்கிறோம். மீதி நேரம் அது என்ன செய்யும்? செருப்பைக் கடிக்கும், சோபாவைக் கிழிக்கும், லிஃப்ட் சத்தத்துக்கெல்லாம் குரைக்கும். "இதுக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்கிறோம். உண்மையில் அதற்கு வேலை இல்லை. வருஷம் திரும்புவதற்குள் "யாராவது எடுத்துக்கறீங்களா?" என்ற பேச்சு தொடங்கிவிடும். குட்டியாக ஆசையோடு வாங்கிய நாய் வீடு மாறிப்போவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். அஜிலிட்டி என்னும் விளையாட்டைப் பற்றி நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைப்பதும் இதனால்தான்.

இந்த விளையாட்டு பிறந்த கதை வேடிக்கையானது. அப்போது லண்டனில் நடந்துவந்த கிரஃப்ட்ஸ் என்ற நாய்க் கண்காட்சியில், ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் இடையே கூட்டத்துக்குப் பொழுது போக வேண்டுமே என்று யோசித்தார்கள். அமைப்புக் குழுவிலிருந்த ஜான் வார்லி, குதிரைகள் தடைதாண்டுவதைப் போல நாய்களைத் தாண்ட வைக்கலாமே என்று எண்ணினார். பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல் துணையோடு 1978ஆம் ஆண்டு அது மேடையேறியது. இடைவேளைச் சரக்காக வந்தது, மறு இரண்டு ஆண்டுகளில், 1980இல், பிரிட்டனின் கென்னல் கிளப் அங்கீகரித்த போட்டியாகிவிட்டது. 1996 முதல் எஃப்.சி.ஐ. என்ற பன்னாட்டு அமைப்பு உலகப் போட்டி நடத்துகிறது.

களம் எப்படி இருக்கும்? தாண்டுவதற்குக் குறுக்குக் கம்புகள், நுழைந்து வெளிவரத் துணிச் சுரங்கம், ஏறி இறங்கக் கூரை போன்ற இரட்டைச் சரிவு, ஒடுக்கமான நடைபாலம், குழந்தைகள் ஆடும் சீசாப் பலகை, வரிசையாக நட்ட பன்னிரண்டு கம்புகள். எஃப்.சி.ஐ. விதிப்படி அந்தக் கம்புகளுக்கிடையே 60 செ.மீ. இடைவெளி, முதல் கம்பு நாயின் இடது தோள்பக்கம் வரும்படி நுழைந்து, ஒன்றுவிடாமல் வளைந்து வளைந்து ஓட வேண்டும். தேர்ந்த நாய் மூன்று வினாடிக்குள் முடித்துவிடும். அந்த மூன்று வினாடிக்குப் பின்னால் மாதக்கணக்கான பழக்கம் இருக்கிறது. சரிவு, பாலம், சீசா ஆகியவற்றின் அடிப்பகுதியில் வேறு நிறம் பூசியிருப்பார்கள். அந்த இடத்தில் ஒரு பாதமாவது பட வேண்டும். உச்சியிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொள்ளாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

கம்பு விழுந்தால் ஐந்து புள்ளி குற்றம். தடைமுன் வந்து மறுத்தாலும் ஐந்து. மூன்று முறை மறுத்தாலோ, வரிசை மாறித் தவறான தடையில் ஏறினாலோ ஆட்டம் முடிந்தது. நாயின் உயரத்தை முன்தோளில் அளந்து, அதற்கேற்பக் கம்பின் உயரத்தை வைப்பதால் குட்டை நாய்க்கு அநியாயம் இல்லை.

இனிதான் விஷயம். ஓடும் நாயின் கழுத்தில் சங்கிலி இல்லை. கையில் தின்பண்டமோ பந்தோ வைத்துக்கொள்ளக் கூடாது. நாயைத் தொடக் கூடாது, தடையையும் தொடக் கூடாது. தடைகளின் வரிசை போட்டிக்குப் போட்டி மாறும். நாய்க்கு அதை முன்கூட்டிக் காட்டுவதில்லை. ஓட்டுபவர் மட்டும் சில நிமிடம் களத்தில் நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். (காலியான மைதானத்தில் பெரிய மனிதர்கள் கையை நீட்டி, இல்லாத நாய்க்கு வழிகாட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் புதியவர்களுக்குச் சிரிப்பு வரும்.) அப்புறம் நாய் எதை நம்பி ஓடுகிறது? நம் உடம்பை. நம் பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தோள் எங்கே பார்க்கிறது, வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதைத்தான் அது படிக்கிறது. வாய் "இடப்பக்கம்" என்று சொல்லி, தோள் வலப்பக்கம் திரும்பியிருந்தால், நாய் பெரும்பாலும் தோளைத்தான் நம்பும். ஆகவே களத்தில் நடக்கும் பிழைகளில் பாதிக்கு மேல் நம்முடையவை என்று தாராளமாகச் சொல்லலாம்.

சொற்கள் வேண்டாம் என்பதல்ல. தூரத்திலிருந்து ஏவ அவை தேவை. இங்கேதான் வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல். பாட்டி "இங்க வா" என்பார். பள்ளிக்கூடத்துப் பேரன் "கம்" என்பான். வேலைக்கு வரும் கன்னட அம்மா "பா" என்பார். ஒரே செயலுக்கு மூன்று சொல்! அதோடு "வா", "பா" இரண்டும் நாயின் காதுக்கு ஏறக்குறைய ஒரே ஒலி. நாய்க்கு இலக்கணம் தெரியாது, ஒலிதான் தெரியும். வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று முடிவு செய்து, தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவது நல்லது. எந்த மொழி என்பது உங்கள் இஷ்டம். ஆனால் ஒன்றுக்கொன்று ஒலி வேறுபட வேண்டும். "தாண்டு", "நுழை", "இறங்கு" மூன்றும் அப்படி வேறுபடுபவை. கன்னடத்தில் இவை முறையே "ஹாரு", "நுக்கு", "இளி" என்று வரலாம். "ஏறு", "நில்லு" இரண்டுமோ இரு மொழிக்கும் பொது! பாட்டி சொன்னாலும் வேலைக்கார அம்மா சொன்னாலும் நாய்க்குக் குழப்பமில்லை. திராவிட மொழிக் குடும்பத்தின் பயன் நாய்க்கும் கிடைக்கட்டுமே.

எந்த நாய் ஓடும்? பார்டர் காலி என்ற ஆடு மேய்க்கும் இனம்தான் உலகக் களங்களில் கொடிகட்டிப் பறக்கிறது. அதற்காக அதைத் தேடிப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. அமெரிக்கன் கென்னல் கிளப் 2010இல் கலப்பு நாய்களுக்கும் தன் போட்டிகளின் கதவைத் திறந்தது. 2024இல் வெஸ்ட்மின்ஸ்டர் அஜிலிட்டி பட்டத்தை வென்ற நிம்பிள் ஒரு கலப்பினம். அந்தப் பட்டம் கலப்பினத்துக்குப் போனது அதுவே முதல்முறை. ஜீவனஹள்ளித் தெருமுனை நாயைப் பாருங்கள்: ஆட்டோவுக்கும் பைக்குக்கும் நடுவே வளைந்து போகும் நளினத்தில் பன்னிரண்டு கம்பு எம்மாத்திரம்.

நம் நாட்டு இனங்களில் சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்து முதோள் ஆகியவை கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். நேர்க்கோட்டில் காற்றாய்ப் பறக்கும். நெருக்கமான வளைவில் நீண்ட உடம்பு கொஞ்சம் தடுமாறும். தவிர, தானே முடிவெடுத்து ஓடிப் பழகிய இனங்கள் என்பதால் ஒவ்வொரு அடிக்கும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. பழக்கப் பொறுமை வேண்டும், முடியாதது ஒன்றுமில்லை. ராஜபாளையமும் முதோளும் 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்றன. எல்லைப் பாதுகாப்புப் படை இன்று முதோள் நாய்களைப் பழக்கிப் பணியில் வைத்திருக்கிறது. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அதிகம் காணப்படுகிறது. செவிட்டு நாய் எதற்கும் உதவாது என்று ஒதுக்குவோர் உண்டு. உடம்பைப் படித்து ஓடும் இந்த விளையாட்டை அதற்குக் கைச்சைகையாலேயே கற்றுத்தர முடியும்.

வீட்டில் தொடங்க அதிகச் செலவில்லை. ஹார்டுவேர் கடையில் பிவிசி குழாய், இரண்டு செங்கல், குழந்தைகளின் துணிச் சுரங்கம் போதும். முதல் சில மாதம் கம்பைத் தரையிலேயே வையுங்கள். எலும்பு முனைகள் வளர்ந்து முடியும்வரை, அதாவது ஏறக்குறைய ஒரு வயது வரை, பெரிய இனமானால் ஒன்றரை வயது வரை, உயரத் தாண்ட விடக் கூடாது. குட்டிக்குச் சுரங்கமும் தரையில் வளைந்து நடப்பதும் போதும். மொட்டை மாடி வசதிதான், ஆனால் சிமெண்டுத் தரையில் குதித்து இறங்குவது மூட்டைக் கெடுக்கும், வழுக்கவும் செய்யும். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் மாடிப் பேச்சையே எடுக்காதீர்கள். மண் தரை கிடைக்கும் இடத்துக்குப் போவதே சரி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வேர்வை வராது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஆகையால் பெங்களூரின் இதமான வானிலையை நம்பிப் பகல் வெயிலில் ஓட்டாமல் விடியற்காலையில் பத்தே நிமிடம் பழக்குங்கள். நன்றாக ஓடினால் வேகவைத்த கோழித்துணுக்கு. சைவ வீடானால் பனீர். அடியும் அதட்டலும் ஆகாது. அதட்டிப் பழக்கிய நாய் தடைமுன் நின்று நம் முகத்தைப் பார்த்துத் தயங்கும். அதற்குள் நேரம் போய்விடும்.

இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. போட்டிக்குப் போக நினைப்பவர்கள் அந்தந்தப் போட்டியின் விதிகளை முன்னதாகவே கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். உயரப் பிரிவும், கலப்பு நாய்க்கு இடமுண்டா என்பதும் அமைப்புக்கு அமைப்பு மாறும். தடுப்பூசிச் சீட்டு, தண்ணீர்ப் பாத்திரம், நிழலுக்கு ஒரு துணி இவற்றை முதல் நாளே எடுத்து வையுங்கள். முதல் போட்டிக்கு நாயை ஓட்டாமல் சும்மா அழைத்துப்போய், கூட்டத்தையும் ஒலிபெருக்கிச் சத்தத்தையும் பழக்கிவிட்டு வருவது உத்தமம். களத்தில் நாயை ஓட்டப்போவது யார் என்பதையும் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிட நன்றாகவே ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு முட்டிவலி கிடையாது.