நாற்பதுக்குப் பின் ஒரு புதுமொழி

நன்கு தெரிந்த பெயர் நாவின் நுனியில் நின்று வெளிவர மறுக்கிறது. மூக்குக் கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிறோம். உடனே, ‘வயதாகிவிட்டது, இனி மூளை மங்க வேண்டியதுதான்’ என்று நமக்கு நாமே தீர்ப்புக் கூறிக்கொள்கிறோம். மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்ட எங்களைப் போன்றோருக்கு, தேடிய சொல் கிட்டாத வேளைகளில் இந்த அச்சம் சற்று மிகுதி.

இத்தீர்ப்பு அவசரமானது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாயி என்ற உளவியலறிஞர் 1956-இல் தொடங்கிய ஆய்வில், ஏழாண்டுகளுக்கு ஒருமுறை அதே மனிதர்கள் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டனர். கண்டதை விரைந்து அடையாளங்காணும் வேகம் இளமையிலேயே குறையத் தொடங்குகிறது என்பது உண்மையே. ஆயினும் சொல்வளமும், ஆராய்ந்து விதி காணும் ஆற்றலும் நடுவயதில்தான் உச்சநிலையை எய்துகின்றன.

நம் நாட்டில் நடந்த மற்றோர் ஆய்வு, வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இன்னும் நெருங்கியது. முதுமை மறதி நோய் கண்ட 648 பேரின் விவரங்களை ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி முதலிய மருத்துவர்கள் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். ஒரே மொழி பேசியவர்களைக் காட்டிலும், ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்களுக்கு நோய் ஏறக்குறைய நாலரை ஆண்டு பிந்தித் தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இவ்வேற்றுமை தென்பட்டது. மொழியே நோயைத் தள்ளிப்போட்டது என்று இதனால் முடிவுகட்ட இயலாது. இரண்டுக்கு மேற்பட்ட மொழிகளால் கூடுதல் பயனும் காணப்படவில்லை. பன்மொழி வல்லுநர்களுக்கு இது சிறிது ஏமாற்றந்தான்.

அப்படியானால், தமிழும் ஆங்கிலமும் அறிந்த நாம் வங்கமோ மராத்தியோ பயில்வது வீணா? அன்று. கணக்கு மொழிகளின் எண்ணிக்கையில் இல்லை, பழகாத வேலையின் கடினத்தில் இருக்கிறது. டெனிஸ் பார்க் குழுவினர் 2014-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், அறுபது வயதைக் கடந்தவர்கள் சுமார் மூன்று மாதம் புகைப்படக் கலையோ ஒட்டுத்துணிப் போர்வை தைத்தலோ முனைந்து கற்றனர். அவர்களது ஞாபகசக்தி மேம்பட்டது. கூடிப் பேசிப் பொழுது போக்கியவர்களுக்கும், வீட்டிலிருந்து பழகிய காரியங்களையே செய்தவர்களுக்கும் அவ்வளவு பயன் கிட்டவில்லை. இரத்த அழுத்தத்தையும் காது மந்தத்தையும் நடுவயதிலேயே கவனித்தல் வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

கொல்கத்தாவில் பதினைந்து ஆண்டு வாழ்ந்தும், பஸ் பலகையைப் பிள்ளைகளிடம் படிக்கக் கேட்டு ஏறிய தமிழர் மூவர் நாங்கள். அந்த வெட்கமே எங்களைச் சிலேட்டுப் பிடிக்க வைத்தது. தமிழில் ஒரே ‘க’ நிற்கும் இடத்தில் வங்கமொழியில் நான்கு எழுத்துகள். நான்கு ஒலிகளையும் காது பிரித்தறிய ஆறு மாதம் ஆயிற்று. ‘ப’ போன்ற எழுத்தின் அடியில் ஒரு புள்ளியிட்டால் அது ‘ர’ ஆகிவிடும். அப்புள்ளியை மறந்து நாங்கள் எழுதிய சாமான் பட்டியலைக் கண்டு வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். மளிகைக் கடைக்காரர் மட்டும் சிரிக்காமல், தம் பென்சிலால் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்துக் கொடுத்தார்.