ஆப்புக்கு ஏற்ற அடிகருவி

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. புயல் போன மறுநாள் நம் கடற்கரை ஊர்களில் நடக்கும் முதல் வேலை மரம் வெட்டுவதே என்பதை அங்கத்தினர்கள் அனைவரும் அறிவர். வேம்பும் பூவரசும் தூங்குமூஞ்சியும் கூரைமீது சாய்ந்து கிடக்கும். உழவர் வீடு, நெசவாளர் வீடு என்று புயல் பேதம் பார்ப்பதில்லை. கைக்குக் கிடைத்த கருவியுடன் எல்லோரும் இறங்குகிறோம். அந்த ‘கைக்குக் கிடைத்த கருவி’யைப் பற்றியே இங்கே எழுத நேர்ந்தது.

மரக்காணத்துக்கு அருகே ஓர் ஊரில், சாய்ந்த வேம்பு ஒன்றைத் தறித்துக்கொண்டிருந்ததை நாம் நின்று பார்த்தோம். வெட்டுவாய் இறுகி ரம்பத்தைப் பிடித்துக்கொண்டது. தொழிலாளி ஒருவர் இரும்பு ஆப்பை அதில் வைத்து, கோடாலியைத் திருப்பி அதன் முதுகினால் ஓங்கி அடித்தார். நான்காம் அடியில் சிறு இரும்புச் சில்லு ஒன்று தெறித்து அவருடைய கண்ணிமையில் தைத்தது. கண் பிழைத்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் பிழைத்திராது. அவர் புதியவரல்லர், இருபது ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவர். தவறு அவருடைய கையில் இல்லை, கருவியில் இருந்தது.

முதலில் ஆப்பு செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வது நல்லது. நின்ற மரத்தை வெட்டும்போது, விழவேண்டிய பக்கத்தில் வாய் வெட்டி, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வருகிறோம். நடுவே வெட்டாது விடும் மரப்பட்டை கதவின் கீலைப்போல் நிற்கிறது. பின்வெட்டில் செருகிய ஆப்பு மரத்தைச் சிறிது உயர்த்தி, கீலின்மேல் அதனைச் சாய்க்கிறது. 20 சென்டிமீட்டர் நீளமும் தலைப்பில் 2½ சென்டிமீட்டர் கனமும் உள்ள ஆப்பு 8 சென்டிமீட்டர் உள்ளே சென்றால், மரம் 1 சென்டிமீட்டர் உயரும். கீலுக்கும் ஆப்புக்கும் 30 சென்டிமீட்டர் தூரம் என்று கொள்வோம். அப்போது 12 மீட்டர் உயரத்து மரத்தின் உச்சி 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்! ஆகவே இங்கே வேண்டுவது மூர்க்கமான பலம் அன்று. அளந்து விழும் சில அடிகளே. ஒவ்வோர் அடியும் மரத்தை உச்சிவரை குலுக்குகிறது. காய்ந்த கிளை இருந்தால் அது அடிப்பவர் தலைமீதே விழும். அடிக்கொரு முறை அண்ணாந்து பார்க்கவேண்டும்.

கோடாலி முதுகுக்கு வருவோம். கோடாலியின் வாய்ப்பகுதிதான் பதமேற்றப்பட்டது. காம்பு நுழையும் துளையின் இருபுறமும் இரும்பு மெல்லியதாக இருக்கும். இரும்பு ஆப்பின்மீது முதுகால் அடிக்க அடிக்க அத்துளை விரிந்து, தலை ஆடத் தொடங்கும். பின் ஒருநாள் கழன்று பறக்கும். கூரான வாய் அடிப்பவர் முகத்தை நோக்கித் திரும்பியிருப்பது மற்றோர் ஆபத்து. அடி தவறிக் கருவி எழும்பினால் அது போய்ச் சேருமிடம் நெற்றிதான். மர ஆப்பு, பிளாஸ்டிக் ஆப்பு ஆகியவற்றை மென்மையாகத் தட்ட முதுகு உதவும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது தகாது.

ஆப்பு எதனால் ஆனது என்று பார்த்தே அடிகருவியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மோட்டார் ரம்பம் ஓடும் வெட்டில் இரும்பு ஆப்பை வைக்கவே கூடாது. சங்கிலி அதில் பட்டால் பற்கள் போயின. அங்கே மரமோ பிளாஸ்டிக்கோ அலுமினியமோதான் ஏற்றது. மர ஆப்புக்குச் சிறந்த துணை கொட்டாப்புளி; அது ஆப்பின் தலையைச் சிதைப்பதில்லை. பிளாஸ்டிக் ஆப்பை ஒன்றரைக் கிலோ சுத்தியலாலும் அடிக்கலாம். இரும்பு ஆப்பு கட்டை பிளப்பதற்கு உரியது. அதற்குச் சம்மட்டியே வேண்டும்.

எத்தனை கிலோ சம்மட்டி என்பதில் நம்மவரிடையே ஒரு வீம்பு உண்டு. கனமானதைத் தூக்குபவரே ஆண்பிள்ளை என்பது அந்த வீம்பு. கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. அடியின் சக்தி கனத்தோடு நேர்விகிதத்திலும், வேகத்தோடு அதன் வர்க்கத்திலும் கூடுகிறது. ஒன்றரைக் கிலோ சுத்தியலை நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசினால் 48 ஜூல் சக்தி பிறக்கும். 3 கிலோ சம்மட்டியைக் களைத்த கை 5 மீட்டர் வேகத்தில்தான் வீசுமானால் கிடைப்பது 37½ ஜூல். ஆனால் இறுகிய ஆப்பின்மேல் இலேசான சுத்தியல் துள்ளித் திரும்பும். கனமானதோ அழுந்தித் தள்ளும். எனவே தரையில் கிடக்கும் கட்டையை நிமிர்ந்து நின்று பிளக்க 3 அல்லது 4 கிலோ தகும். நின்ற மரத்தின் அடியில் குனிந்து, வீச இடமின்றி அடிப்பவருக்குக் குட்டைக் காம்புள்ள ஒன்றரை அல்லது இரண்டு கிலோவே போதும்.

அடிகருவியின் முகம் ஆப்பின் தலையைவிடச் சுற்றிலும் சற்று அகன்றிருத்தல் அவசியம். குறுக்களவில் ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். நாளடைவில் இரும்பு ஆப்பின் தலை காளான்போல் விரிந்து மடியும். அந்த விளிம்பிலிருந்துதான் சில்லு தெறிக்கிறது. சாணைக் கல்லில் அதை உடனுக்குடன் தேய்த்துவிடவேண்டும். வாங்கும்போது சுத்தியல்களுக்கான இந்தியத் தரநிலையாகிய ஐ.எஸ். 841 குறி உள்ளதா என்று பாருங்கள். கண்ணாடிக்கான செலவு சம்மட்டியின் விலைக்கு முன் ஒன்றுமில்லை. கருவிகளை வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கங்கள் மோட்டார் ரம்பத்தோடு ஆப்பு நான்கும், தக்க சுத்தியல் ஒன்றும், கண்ணாடி ஒன்றும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ரம்பத்தை மட்டும் கொடுத்தனுப்புவது அரைக் கருவியைக் கொடுப்பதாகும்.

மூன்று, நான்கு ஆண்டுகளில் வெட்டப்படும் சவுக்குக்கு இவை எவையும் வேண்டா. கயிறும் தள்ளுகழியும் போதும். பனையின் கதை வேறு. அதன் வெளிவளையம் கறுத்து இறுகியது, உள்ளோ மென்மையான நார். நின்ற பனையில் அடித்த ஆப்பு நாருக்குள் அமிழ்ந்துபோகுமேயன்றி மரத்தைத் தூக்காது. அதைக் கயிறு கட்டியே சாய்க்கவேண்டும். 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டபடி, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும். விழுந்த பனையை வாரைகளாகப் பிளக்கும்போது மட்டும் ஆப்புக்கு முழு வேலை உண்டு. நீளவாக்கில் வரிசையாக நான்கைந்து இரும்பு ஆப்புகளை வைத்துச் சம்மட்டியால் மாறி மாறி அடித்து வரவேண்டும். ஒன்றையே அடித்துக்கொண்டிருந்தால் பிளவு கோணலாகும். பிளவுக்குள் கைவிட்டு ஆப்பை ஆட்டிப் பார்ப்பவர்க்குப் பஞ்சதந்திரத்தில் ஆப்பசைத்த குரங்கின் கதையை நினைவூட்டினால் போதும்.

உப்பளக் காற்றுக்கு இரும்பைக் கண்டால் பசி. வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவாத சம்மட்டியின் துளைக்குள் துரு புகுந்து காம்பைத் தளர்த்தும். தளர்ந்த காம்பைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அன்றைக்கு இறுகும், காய்ந்தபின் முன்னிலும் தளரும். புதுக் காம்பு போடுவதே சரி. அதற்குக் கருவேலம் நன்று. அடியின் அதிர்ச்சியைத் தாங்கும், எளிதில் பிளவாது.

கொட்டாப்புளியை விலைக்கு வாங்கவேண்டியதில்லை. புளியமரத்தின் வைரத்தை மிஞ்சும் கட்டை நம் பக்கத்தில் அரிது. செக்குக்கும் உலக்கைக்கும் முன்னோர் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு முழ நீளத் துண்டை அறுத்து, இரு முனைகளிலும் சாணம் பூசி, வெடிக்காமல் நிழலில் உலர்த்துங்கள். முனை வெட்டு அடிமுகமாக அமையும்படி செதுக்கி, இருபுறமும் இரும்புப் பூண் ஏற்றுங்கள். சித்திரையில் அறுத்து வைத்தால் ஐப்பசிக் காற்றுக்குள் ஓரளவு உலர்ந்திருக்கும்; காம்பையும் அதற்குள் இறுக்கி முடித்துவிடலாம்.