பஞ்சுக்குள் வாழும் பூஞ்சை

ஜப்பானில் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து பிரித்தெடுத்த ஹாலிகாண்ட்ரின்-பி என்ற பொருளின் எடை 12.5 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட இல்லை. 1986-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புதான், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரிபுலின் மருந்துக்கு வேர். கடற்பஞ்சை நம்பியிருந்தால் அந்த மருந்து வந்திருக்காது. மூலக்கூறின் தேவையான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அறுபதுக்கும் மேற்பட்ட வேதிப் படிகளில் ஆலையிலேயே தயாரிக்கிறார்கள்.

பூஞ்சையின் மீது ஆய்வாளர்களின் கண் விழுந்ததற்கு இந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, நாள் முழுவதும் கடல்நீரை உறிஞ்சி வடிகட்டித் தின்னும் விலங்கு கடற்பஞ்சு. அதன் உடலில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் குடியிருக்கின்றன. பஞ்சில் கிடைக்கும் பொருள்களில் சிலவற்றைத் தயாரிப்பதே இந்தக் குடித்தனக்காரர்கள்தான். பூஞ்சையைத் தனியே பிரித்துவிட்டால் ஆய்வகத்தில் வேண்டிய மட்டும் வளர்க்கலாம்; கடலைச் சுரண்ட வேண்டாம். வேகவைத்த அரிசியிலேயே பல பூஞ்சைகளை வளர்த்தெடுக்கிறார்கள்.

மத்தியதரைக் கடல் பஞ்சு ஒன்றில் ஜெர்மானிய ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பூஞ்சை பெனிசிலியம் கிரைசோஜீனம். பென்சிலின் தயாரிப்பில் பேர்பெற்ற அதே இனம்! அதிலிருந்து கிடைத்த சார்பிசிலாக்டோன்-ஏ, எலியின் ரத்தப் புற்றணுக்களைக் கொன்றது. சோதித்த வேறு சில உயிரணுக்களை அவ்வளவாகத் தாக்கவில்லை. பின்னர் அதை 100 கிராமுக்கு மேலும் தயாரித்துக் காட்டினார்கள். 12.5 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

ஆனாலும், பஞ்சில் வாழும் பூஞ்சையிலிருந்து வந்த புற்றுநோய் மருந்து எதுவும் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. ஆய்வகத் தட்டில் புற்றணு செத்தாலே ‘மருந்து கண்டுபிடிப்பு’ என்று தலைப்புப் போடுவது நம் பத்திரிகைகளின் பழைய வழக்கம். தட்டில் புற்றணுவைக் கொல்லும் பொருள் நல்ல அணுவையும் கொல்லலாம். ரத்தத்தில் கலந்ததும் சிதைந்துபோகலாம். பூஞ்சையும் சொன்னபடி கேட்பதில்லை. கடலில் தயாரித்ததை ஆய்வகத்தில் நிறுத்திவிடும். உப்பையோ உணவையோ மாற்றிப் பார்த்தால், சில சமயம் மறுபடி தொடங்கும். அது உண்மையிலேயே பஞ்சில் குடியிருந்ததா, நீரோடு வந்து சிக்கிய நிலத்து வித்தா என்ற சர்ச்சையும் ஓயவில்லை.

கடற்பூஞ்சை வழியில் நெடுந்தூரம் வந்திருப்பது பிளினாபுலின். இதன் மூலப்பொருளைத் தந்த ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, பஞ்சில் அல்ல, கடற்பாசியில் கிடைத்தது. உயிரணு பிரிவதற்குத் தேவையான நுண்குழாய்கள் உருவாகவிடாமல் தடுப்பது இதன் வேலை. நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் மூன்றாம் கட்டச் சோதனைவரை சென்றது. கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைவதைத் தடுக்கவும் இதற்கு அனுமதி கேட்டார்கள். ஒரு சோதனை போதாது, இன்னொன்று வேண்டும் என்று 2021 இறுதியில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அந்த விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பியது.